உருவும் பொருளும் ஒருங்கே



உருவமா, உள்ளடக்கமா என்னும் வழக்கு தமிழ் இலக்கிய அரங்குகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருவது. 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழை ஒட்டியும், அதற்கு மறுதரப்பில் நின்ற முற்போக்குத் திறனாய்வாளர்களின் கட்டுரைகளை ஒட்டியும் எழுந்த வாதங்களை மூத்த அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாதத்தின் சூட்டில் உருவம் ஒரு கட்சியாயிற்று. பொருள் மற்றொரு கட்சியாயிற்று. பாட்டு எழுதும் கையோ அவ்வாறு பிரித்து எழுதுவதில்லை. ஒரு சொல் வந்து விழும்போதே ஓசையும் விழுகிறது. ஓசை மாறினால் சொல்லும் மாறியாக வேண்டும்.

கட்டுமானப் பொறியியலிலும் இதே வழக்கு உண்டென்பது பலர் அறியாதது. ஒரு பாலத்துக்கோ கூரைக்கோ வடிவத்தை முதலில் வரைந்துவிட்டுப் பிறகு அதை எதனால் செய்வது என்று கேட்பது ஒரு வழக்கம். கையில் உள்ளது இரும்பு, அதைக் கொண்டு என்ன வடிவம் செய்யலாம் என்று கேட்பது மற்றொரு வழக்கம். இவ்விரண்டு வினாக்களையும் ஒரே வினாவாகக் கேட்கும் கணிதம் அண்மைப் பதிற்றாண்டுகளில் வளர்ந்திருக்கிறது. மிகக் குறைந்த எடை, மிகக் குறைந்த செலவு, மிகுந்த உறுதி என்று நாடுவதை எட்டும் இக்கணக்கை 'உகப்பாக்கம்' என்பர். தமிழுக்கு இதில் ஒரு வசதி வாய்த்திருக்கிறது. 'பொருள்' என்னும் ஒரே சொல் பாட்டின் கருத்தையும் குறிக்கிறது, கட்டடத்தின் கல்லையும் மரத்தையும் குறிக்கிறது. இலக்கிய வட்டத்தில் பொறியியல் பேசுவதற்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடைப்பது அரிது.

வாயில் என்றதும் இவ்வூரார் கண்முன் நிற்பது திருவரங்கத்துத் தெற்கு இராசகோபுரம். கல்லாலான கீழ்ப்பகுதியோடு நூற்றாண்டுக் கணக்கில் முற்றுப்பெறாமல் நின்ற அதனை ஊரார் மொட்டைக் கோபுரம் என்றே அழைத்துவந்தனர். அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர் முன்னின்று நடத்திய திருப்பணியால் அது 13 நிலைகளும் 13 கலசங்களும் கொண்டு, 236 அடி, அதாவது ஏறத்தாழ 72 மீட்டர் உயரத்தில் நிறைவெய்தி 1987 மார்ச்சில் குடமுழுக்குக் கண்டது. கல்லும் செங்கல்லும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இந்த அமைப்பை அன்றாடம் கடந்துபோகிறவர்கள் அதை ஒரு கணக்கின் விடையாகப் பார்ப்பதில்லை. ஒருமுறை அப்படிப் பார்த்தால் என்ன?

செங்கற்கட்டுமானம் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 1.9 டன் எடையுள்ளது. 72 மீட்டர் உயரத்துக்கு நேர்ச்சுவராகவே எழுப்பினால், அடியிலுள்ள ஒவ்வொரு சதுர மீட்டர்மீதும் 137 டன் அழுந்தும்; சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 14 கிலோகிராம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கற்சுவருக்கு இது அச்சமின்றி ஏற்றத்தக்க சுமையன்று. அதே உயரத்தை உச்சியில் கூராகக் குறுகும் கூம்பாக்கினால் அடியின் சராசரி அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். கோபுரம் முழுக்கூம்பன்று, உச்சியில் சாலை என்னும் நீள்கூரையைத் தாங்கவேண்டியிருப்பதால் இடையிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே அதன் அழுத்தம் இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே அமையும். நிலைக்கு நிலை குறுகும் வடிவம் கண்ணுக்கு இனிமை தருவதோடு செங்கல்லின் வலிமைக்குள் உயரத்தை அடக்கியும் வைக்கிறது.

இதே வடிவை முழுதும் கருங்கல்லால் செய்திருந்தால்? கருங்கல் சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோகிராமுக்கு மேலும் தாங்கவல்லது. வலிமையை மட்டும் நோக்கினால் அதுவே மேல். ஆனால் அதன் அடர்த்தி 2.7, செங்கற்கட்டுமானத்தைப் போல 1.4 மடங்கு. அந்த எடை முழுவதும் போய்ச் சேரும் இடம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும் ஆகும். ஆகவே மேலே இலேசான செங்கல், அதன்மேல் சுதையுருவங்கள். கீழே கல். கீழே கல் வேண்டியதற்குக் காரணம் சுமை மட்டுமன்று. கோபுரத்தின் நடுவே வாயில் இருக்கிறது. அந்த வெளியின் குறுக்கே ஒன்று கிடந்து மேற்சுமையைத் தாங்க வேண்டும். செங்கல் தனியே குறுக்கே கிடக்காது. கல் கிடக்கும்; ஆனால் கல்லும் இழுவிசைக்கு அஞ்சும் பொருள்தான். அமுக்கத்தைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது இழுப்பில் தாங்குவதில்லை. ஆகவே உத்தரக்கல் தடிப்பாகவும் குறுகியதாகவும் இருந்தாக வேண்டும். வாயில் உயரமாகலாமே தவிர மிக அகலமாக முடியாது. ஒடுங்கி உயர்ந்த கோபுர வாயிலின் தோற்றம் கல்லின் குணத்திலிருந்து வந்தது. பொருள் வடிவை இட்டது. வடிவு, மேலே எந்தப் பொருள் தகும் என்பதைத் திருப்பி இட்டது.

ஸ்தபதிகள் இவ்வெண்களைப் போட்டுப் பார்த்தார்கள் என்று சொல்வது மிகை. மதுரைத் தெற்குக் கோபுரத்தின் பக்கங்கள் சற்றே உள்வளைந்து இறங்குவதையும், தன் எடையை எல்லா மட்டத்திலும் சமமாகத் தாங்கும் தூணுக்குக் கணிதம் கூறும் உள்வளைவையும் ஒப்பிட்டு வியப்போர் உண்டு. ஒப்புமை அழகானது, சான்றாகாது. விழுந்தவற்றைக் கண்டும் நின்றவற்றை அளந்தும் தலைமுறைகள் சேர்த்த விகிதங்களே அவர்தம் கணக்கு.

கல்லணையும் அத்தகையதே. கரிகாலன் பெயரோடு வழங்கும் அவ்வணை, அடியில் பாறையில்லாத ஆற்றுமணலில், பெருங்கற்களை இட்டு அவை அமிழ அமிழ மேலும் இட்டு, களிமண்ணைப் பிணைப்பாகக் கொண்டு எழுந்தது. ஒட்டாத கற்குவியல் என்னும் பொருளுக்கு ஏற்ற வடிவம் உயர்ந்த மெல்லிய சுவரன்று, தாழ்ந்து அகன்று வளைந்து கிடக்கும் மேடு. 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், மணலில் அடித்தளம் இடும் கலையைக் கல்லணையைப் பார்த்தே கற்றதாக எழுதியிருக்கிறார்.

மேலைநாட்டில் இவ்வுறவைக் கணிதமாக்கும் முயற்சி ஒரு புதிரோடு தொடங்கியது என்பது கவிஞர்களுக்குச் சுவையாக இருக்கும். இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1675-இல் தாம் கண்ட ஓர் உண்மையை எழுத்துகளைக் கலைத்து அடுக்கிய புதிராக அச்சிட்டார். நம் சித்திரகவி மரபினர் கண்டால் மகிழ்ந்திருப்பர். அவர் மறைந்தபின் 1705-இல் அப்புதிரின் விடை வெளியாயிற்று. தொங்கும் சங்கிலி என்ன வளைவில் தொங்குகிறதோ, அவ்வளைவைத் தலைகீழாக்கினால் கல்வளைவு நிற்கும் என்பதே அது. சங்கிலி இழுப்பை மட்டும் அறியும். கல் அமுக்கத்தை மட்டும் அறியும். ஒரே கோடு ஒரு பொருளுக்குத் தொங்கலாகவும் மற்றொரு பொருளுக்கு நிமிர்வாகவும் பயன்படுகிறது.

இனி, எது நல்ல பொருள் என்னும் வினாவுக்கு வருவோம். உருக்கு உறுதியானது, மரம் நொய்யது என்பது பொதுவான எண்ணம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆஷ்பி 1992-இல் வெளியிட்ட நூல், அவ்வினா இந்த வடிவில் பொருளற்றது என்று காட்டிற்று. உருக்கின் விறைப்பைக் குறிக்கும் எண் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல், அடர்த்தி 7.85. அலுமினியத்துக்கு 70, 2.7. தேக்குக்கு, இழைவாக்கில், ஏறத்தாழ 12, 0.65. ஒரு சுமையைத் தொங்கவிட இவற்றுள் ஒன்றால் கம்பி செய்வதாகக் கொள்வோம். அப்போது பார்க்கவேண்டியது விறைப்பை அடர்த்தியால் வகுத்த ஈவு. உருக்குக்கு 25.5, அலுமினியத்துக்கு 25.9, தேக்குக்கு 18.5. முதலிரண்டும் ஒரே தட்டில் நிற்கின்றன. தேக்கு சற்றுப் பின்தங்குகிறது. அதே பொருளால் குறுக்கே கிடக்கும் உத்தரம் செய்வதாகக் கொண்டால் கணக்கு மாறுகிறது. அங்கே பார்க்கவேண்டியது விறைப்பின் வர்க்கமூலத்தை அடர்த்தியால் வகுத்த ஈவு. உருக்குக்கு 1.8, அலுமினியத்துக்கு 3.1, தேக்குக்கு 5.3. தேக்கு உருக்கைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு மேலாகிவிட்டது!

இந்த மாயத்தின் காரணம் எளியது. பாதி அடர்த்தியுள்ள பொருள் அதே எடைக்கு இருமடங்கு பருமன் தரும். சதுர உத்தரத்தின் வெட்டுப்பரப்பு இரட்டித்தால் வளைவை எதிர்க்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். இழுப்பில் பருமனுக்குக் கிடைக்காத இந்தச் சலுகை வளைவில் கிடைக்கிறது. பழைய வீடுகளின் கூரையில் தேக்கு உத்தரம் கிடந்ததில் ஏழ்மையோ அறியாமையோ இல்லை. இரண்டாம் உலகப்போரின் விரைவு மிக்க வானூர்திகளுள் ஒன்றான 'மாஸ்கிட்டோ' பெரும்பாலும் மரத்தால் செய்யப்பட்டதற்கும் உலோகத் தட்டுப்பாட்டோடு இந்தக் கணக்கும் துணைநின்றது.

கதை இத்துடன் முடிந்தால் உருக்காலைகளை மூடிவிடலாம். உருக்குக்கு மற்றொரு திறம் உண்டு. அதை மெல்லிய தகடாக உருட்டலாம், குழாயாக்கலாம், நடுவே ஒடுங்கி மேலும் கீழும் அகன்ற உத்தரமாக வார்த்தெடுக்கலாம். பயனற்ற நடுப்பகுதியைக் களைந்து, வேலைசெய்யும் விளிம்புகளுக்குப் பொருளைக் கொண்டுசேர்க்கும் இவ்வடிவத்தை மரம் அந்த அளவுக்கு ஏற்பதில்லை. மிக மெலிந்தால் பிளந்துவிடும். ஆகவே வடிவத்துக்கு உரிமை கொடுத்த மறுகணம் உருக்கு மீண்டும் தலைநிமிர்கிறது. பொருளைத் தனியே நிறுத்தி மதிப்பெண் இடுவது, பாட்டிலிருந்து பிடுங்கிய சொல்லைத் தராசில் இட்டு அதன் அழகை நிறுப்பது போன்றது.

திருவெறும்பூரின் பெல் தொழிற்சாலையில் பணிபுரிந்த குடும்பங்கள் இந்த அவையில் இருக்கக்கூடும். 1965 முதல் அங்கே அனல்மின் நிலையங்களுக்கான கொதிகலன்கள் உருவாகின்றன. ஒரு கொதிகலனுக்குள் ஓடும் குழாய்கள் ஒரே உலோகத்தால் ஆனவையல்ல. நீர் ஆவியாகும் சுவர்ப்பகுதியில் எளிய கரிம உருக்கு போதும். ஆவி மேன்மேலும் சூடேறும் பகுதியில் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உருக்கு வேண்டும். வெப்பம் உச்சம் தொடும் இடத்தில் ஒன்பது விழுக்காடு குரோமியம் கொண்ட உருக்கோ, துருவேறா உருக்கோ வேண்டும். மிகு வெப்பத்தில் நாள்பட நாள்பட உலோகம் தன் சுமையின்கீழ் மெல்ல மெல்ல நீளும். அதைத் தாங்க எளிய உருக்காயின் குழாய்ச்சுவர் மிகத் தடிக்க வேண்டும். தடித்தால் வேறொரு தீங்கு. ஒருபுறம் சூடேறி மறுபுறம் ஏறாமல் நிற்க, ஒவ்வொரு முறை மூட்டும்போதும் அணைக்கும்போதும் சுவர் தன்னைத்தானே இழுத்துக் களைக்கும். சிறந்த உருக்கை இட்டால் சுவர் மெலிகிறது. மெலிந்தால் எடை குறைகிறது. எடை குறைந்தால் அதைத் தூக்கிநிற்கும் சட்டங்களும் இலேசாகின்றன. ஆனால் அவ்வுருக்கு விலை மிக்கது, பற்றவைப்பதற்கும் கடினமானது. முன்னும் பின்னும் அளந்து சூடேற்றாவிட்டால் பற்றுவாய் வெடிக்கும். 1975-இல் அதே வளாகத்தில் பற்றவைப்பு ஆய்வு நிறுவனம் எழுந்ததை இந்தப் பின்னணியில் காண வேண்டும். எந்த உலோகம் என்பதும் எவ்வளவு தடிப்பு என்பதும் அங்கே இரு கேள்விகளாக இருக்கவே முடியாது.

குழாய் ஒன்றுக்கு இக்கணக்கைக் கையால் போடலாம். நூறு உறுப்புகள் கொண்ட பாலத்துக்கு? அங்கேதான் கணிப்பொறி வருகிறது. அது வழி தேடும் முறையை மலைக்கோட்டையைக் கொண்டு விளக்கலாம். 83 மீட்டர் உயரமுள்ள அக்குன்றின் உச்சியில் கண்ணைக் கட்டி ஒருவரை விட்டு, மிகத் தாழ்ந்த இடத்துக்கு இறங்கச் சொன்னால், அவர் காலால் தடவிச் சரிவு எப்பக்கம் என்று பார்த்து அப்பக்கம் ஓரடி வைப்பார். மீண்டும் தடவுவார், மீண்டும் ஓரடி. உயரம் என்பது கட்டடத்தின் எடை. அவர் நிற்கும் இடம் என்பது அதன் வடிவம். உறுப்புகளின் நீளத்தையும் சாய்வையும் இம்மியளவு மாற்றி, எடை குறைகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கணிப்பொறி இறங்குகிறது. வடிவத்துக்கு இம்முறை நன்கு செல்லும். பொருளுக்குச் செல்லாது. உருக்குக்கும் அலுமினியத்துக்கும் நடுவே சரிவு இல்லை, படிகூட இல்லை, வெற்றுவெளி. பாதி உருக்கு, பாதி தேக்கு என்றொரு பொருள் கடையில் கிடைக்காது. பொருள்கள் பட்டியலாக நிற்கின்றன. பட்டியலில் சரிவு தடவ முடியாது.

வெண்பா எழுதியவர்களுக்கு இந்த இடர்ப்பாடு பழகியது. மாச்சீர் ஒன்று வந்துவிட்டால் அடுத்தது நிரையில் தொடங்கியாக வேண்டும். விளமோ காயோ வந்தால் நேரில் தொடங்கியாக வேண்டும். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கில் ஒன்றாக அடங்க வேண்டும். சொற்களோ அகராதியில் தனித்தனியே நிற்பவை. ஒரு சொல்லைக் கால்பங்கு செதுக்கிக்கொள்ள இயலாது. ஒன்றை மாற்றினால் அதன் பக்கத்துச் சீர் தளை தட்டும். அதை மாற்றினால் எதுகை போகும். இசைநிறை அளபெடை என்னும் சலுகையை இலக்கணம் அளித்தது இந்த நெருக்கடியை அறிந்துதான். சொல்லைச் சற்றே நீட்டி ஓசையை நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் அதை எல்லா அடியிலும் செய்தால் பாட்டு நகைப்புக்கு இடமாகும். கணிப்பொறி முறைகளிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு ஒன்று உண்டு. இங்கே பொருள் இருக்கிறது, இங்கே இல்லை என்னும் இரண்டுக்கும் நடுவே அரைகுறைப் பொருளைத் தற்காலிகமாக அனுமதித்து, தேடல் முற்றும்போது அந்த அரைகுறைக்குத் தண்டம் விதித்து, இருப்பு அல்லது இன்மை என்னும் பக்கத்துக்குத் தள்ளிவிடுவர். டென்மார்க்கின் பெண்ட்சோவும் மிச்சிகனின் கிக்குச்சியும் 1988-இல் தொடங்கிய ஆராய்ச்சி மரபில் அது அடுத்த ஆண்டே உருப்பெற்றது. அவர்களுக்கும் முன்னோடி, 1904-இல் மெல்போர்னிலிருந்து எழுதிய மிச்செல் என்னும் பொறியாளர். மிகக் குறைந்த பொருளால் சுமை தாங்கும் சட்டகம் எவ்வடிவில் இருக்கும் என்று காகிதத்திலேயே காட்டியவர்.

வடிவையும் பொருளையும் ஒருங்கே தேடுவதில் நம் நாட்டில் நடந்த ஒரு முயற்சி இங்கே விரித்துச் சொல்லத் தக்கது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சௌரவ் ரக்ஷித்தும் ஜி.கே. அனந்தசுரேஷும் செய்த அவ்வாய்வு 2008-இல் வெளிவந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது முக்கோணச் சட்டகம். தொழிலாளர் நாவில் 'டிரஸ்'. தொழிற்கூடக் கூரைகளிலும் இரும்புப் பாலங்களிலும் எவரும் கண்டிருக்கக்கூடியது. அதன் எளிய வகையில் ஒரு வியப்பான இயல்பு உண்டு. ஒவ்வோர் உறுப்பிலும் எவ்வளவு விசை ஓடுகிறது என்பது வடிவத்தை மட்டும் பொறுத்தது; உறுப்பு உருக்கா, மரமா, தடிப்பா, மெலிவா என்பதைப் பொறுத்ததன்று. அந்த இயல்பில்தான் அவர்கள் கால் ஊன்றினார்கள்.

இழுபடும் உறுப்பு அறுந்து தோற்கும். ஆகவே அதற்கு வேண்டியது பொருளின் வலிமை. அமுக்கப்படும் மெலிந்த உறுப்போ நொறுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் நெளிந்து தோற்கும். ஆகவே அதற்கு வேண்டியது விறைப்பு. ஒரு வடிவத்தைக் கொடுத்தவுடன் இழுபடுவோர் கணக்கு ஒரு கூட்டுத்தொகை, அமுக்கப்படுவோர் கணக்கு ஒரு கூட்டுத்தொகை என இரண்டு எண்கள் கிடைக்கின்றன. அவ்விரண்டின் விகிதமாகிய ஒற்றை எண், பட்டியலிலுள்ள எல்லாப் பொருள்களையும் வரிசைப்படுத்திவிடுகிறது. நீண்ட அமுக்குறுப்புகள் மிகுந்த வடிவமாயின் விறைப்பும் இலேசும் உள்ள பொருள் முதலிடம் பெறும். இழுப்பு மிகுந்த வடிவமாயின் வலிய பொருள் முதலிடம் பெறும். கணிப்பொறி வடிவத்தை மட்டும் இம்மி இம்மியாக நகர்த்துகிறது. விகிதம் மாறுகிறது. ஒரு கட்டத்தில் பட்டியலின் முதலிடம் தானே கைமாறுகிறது. வெற்றுவெளியைத் தாண்டவேண்டிய தேவையே எழவில்லை. வடிவத்தின் சரிவில் இறங்கும்போதே பொருளும் உடன்வந்து சேர்கிறது. தேவைக்கு மேல் உறுப்புகளை இட்டுத் தொடங்கினால், வேண்டாதவை தேடலின் போக்கில் நீங்கிவிடுவதையும் அவர்கள் கண்டனர். மிகைச்சொல் உதிர்ந்த அடிபோல் சட்டகம் எஞ்சிற்று.

ஓர் உண்மையை மறைக்கலாகாது. இது எளிய சட்டகங்களுக்குப் பொருந்துவது. உறுப்புகள் ஒன்றையொன்று மிகையாகப் பிணைத்துக்கொண்ட கட்டமைப்பிலும், கோபுரம் போன்ற திண்ணிய கட்டுமானத்திலும் பொருளை மாற்றினால் விசை ஓடும் வழியே மாறிவிடும். விறைப்பான பகுதி சுமையைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். நெகிழ்வான பகுதி தட்டிக்கழிக்கும். அங்கே வடிவமும் பொருளும் மேலும் இறுக்கமாகப் பின்னிக்கிடக்கின்றன.

திருப்பணி செய்வோர் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. பழைய கோபுரம் சுண்ணாம்புச் சாந்தின் நெகிழ்வை நம்பி எழுந்த வடிவம். சுண்ணாம்பு மெல்ல இளகிக் கொடுக்கும். மழையில் நனைந்த சுவர் அதன் வழியே மூச்சுவிட்டு உலரும். நுண்ணிய விரிசல்களை அது ஓரளவு தானே மூடிக்கொள்ளும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் விறைப்பான ஓடு ஒன்று நெகிழ்வான உடலைப் போர்த்துகிறது. வெயிலில் இரண்டும் ஒத்து விரிவதில்லை. உட்புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உப்போடு உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கிறது. வடிவம் பழையது, பொருள் புதியது. முன்னோர் கண்ட விடையின் ஒரு பாதியைப் பிடுங்கி மறுபாதியை மட்டும் வைத்துக்கொண்டதாக ஆகிவிடுகிறது. 1516-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய திருக்காளத்தி இராசகோபுரம் 2010 மே 26 அன்று சரிந்து தரைமட்டமாயிற்று. திருவரங்கத்திலேயே 2023 ஆகஸ்டில் கிழக்குக் கோபுரத்தின் கீழ்நிலையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறாகலாம். எல்லாவற்றையும் சிமெண்டின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. ஆயினும் கோபுரங்கள் என்றும் நிற்பவை என்னும் எண்ணத்தை இவை கலைத்துவிட்டன. மறுபுறம், மரபுவழிப் பொருள்களைப் போற்றிச் செய்த திருப்பணிக்காக 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது திருவரங்கம் கோயிலுக்குக் கிடைத்ததையும் உடன் நினைக்க வேண்டும்.

இனிக் கணிப்பொறியின் பட்டியலுக்குத் திரும்பலாம். அது தேடுவதெல்லாம் பட்டியலுக்குள்ளேயே. பட்டியலில் இல்லாத பொருள் எவ்வளவு சிறந்ததாயினும் ஒருநாளும் விடையாக வராது. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதி ஏறாத வட்டாரச் சொல், அகராதியை மட்டும் நம்பிப் பாட்டெழுதுபவருக்கு எப்படி இல்லாமற் போகிறதோ அப்படி. உருக்கில் நூறு வகை அதில் உண்டு. அலுமினியக் கலவைகளில் பல்வகை உண்டு. கரிம இழைகள் உண்டு. கடுக்காய்நீரும் வெல்லமும் சேர்த்து ஊறவைத்து அரைத்த சுண்ணாம்புச் சாந்துக்கு அங்கே ஒரு வரி கிடைப்பது அரிது. காவிரிக்கரைச் சூளையில் வெந்த பழைய செங்கல்லுக்கும் அப்படியே. அந்தப் பொருள் தீயதென்று கணிப்பொறி ஒதுக்கவில்லை. அதைப் பற்றி அதற்கு எவரும் சொல்லவேயில்லை. ஆகவே பழுதுபார்க்கும் கணக்கை அதனிடம் கொடுத்தால், தன்னிடமுள்ள பட்டியலிலிருந்து சிமெண்டையும் உருக்கையுமே அது நேர்மையாக எடுத்து நீட்டும். எதைக் குறைக்க வேண்டும் என்பதையும் மனிதரே சொல்ல வேண்டும். செலவைக் குறை என்றால் செலவைக் குறைக்கும். நூறாண்டு கழித்து மீண்டும் பிரித்துச் சீர்செய்ய வழிவிடு என்பதை எண்ணாக எழுதித் தராவிட்டால் அதைப் பொருட்படுத்தாது.

அண்மை ஆண்டுகளில் இத்தகைய சாந்துகளை ஆய்வுக்கூடத்தில் அளக்கும் வேலை நம் நாட்டில் தொடங்கியிருக்கிறது. கடுக்காயும் வெல்லமும் என்ன செய்கின்றன என்பதற்கு எண்கள் வரத் தொடங்கியுள்ளன. அதில் ஒரு சிக்கல் உண்டு. சிமெண்டுக் கலவையைக் கட்டியாக வார்த்து 28-ஆம் நாள் அமுக்கி நொறுக்கிப் பார்த்து, வந்த எண்ணைப் பட்டியலில் எழுதுவது உலக வழக்கு. சுண்ணாம்பு அந்த நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டதன்று. காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல உண்டு, மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, மாதக்கணக்கிலும் தடித்த சுவராயின் ஆண்டுக்கணக்கிலும் அது இறுகுகிறது. 28-ஆம் நாளில் அளந்தால் அது தோற்ற பொருளாகவே தெரியும். மூன்றாம் திங்களின் எண்ணை எழுதுவதா, ஓராண்டின் எண்ணையா, நானூறு ஆண்டு நின்ற சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த துண்டின் எண்ணையா என்பதில் அளப்போரிடையே இன்னும் ஒருமித்த வழக்கு ஏற்படவில்லை.